நெல்லைக் கொலையும் டிவி போலீசும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

நம்ம ஊரை வைத்து எடுக்கும் துப்பறியும் தொடர்களில் வரும் தப்புகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கொலை வழக்குகளில் புலன் விசாரணை பார்த்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ராத்திரி சீவலப்பேரியில் ஆற்றில் போட்ட உடல், காலையில் சேரன்மகாதேவியில் மிதக்கிறது. இது நடக்குமா? (அம்பாசமுத்திரம் வாசகி)

நடக்காது. தாமிரபரணி பாபநாசத்தில் இறங்கிக் கிழக்கே போகிற ஆறு. சேரன்மகாதேவியைத் தாண்டித்தான் திருநெல்வேலி, அதற்கும் கீழேதான் சீவலப்பேரி. இடத்தை மாற்றிப் போட்டு எடுத்திருந்தாலும் தப்புதான். நடுவில் சுத்தமல்லி அணைக்கட்டு இருக்கிறது. தண்ணீர் குறைந்த நாளில் உடல் அங்கேயே தட்டி நிற்கும்.

இன்னொரு விஷயம், தண்ணீரில் போட்ட உடல் முதலில் மூழ்கும். அழுகி, உள்ளே வாயு சேர்ந்த பிறகுதான் மேலே வரும். வெயில் காலத்திலேயே ஏறக்குறைய ஒரு நாள் பிடிக்கும், குளிர்ந்த தண்ணீரில் இன்னும் கூடும்.

எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருவது வேறு. உயிரோடு மூழ்கினாரா, கொன்ற பிறகு போட்டார்களா என்பதுதான் இப்படிப்பட்ட வழக்கின் உயிர்நாடி. மூழ்கும்போது இதயம் துடித்துக்கொண்டிருந்தால், தண்ணீரில் உள்ள டயாட்டம் என்ற நுண்பாசி ரத்தத்தோடு எலும்பு மஜ்ஜை வரை போய்விடும். அதனால்தான் டாக்டர் எலும்பை எடுத்து அனுப்புகிறார், நாங்கள் ஒப்பிட்டுப் பார்க்க அதே படித்துறைத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து அனுப்புகிறோம். அந்தப் பாட்டில் தண்ணீரை எந்தத் தொடரிலும் நான் பார்த்ததில்லை.

உடலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ராத்திரி 11.20-க்குச் செத்திருக்கிறார்" என்கிறார் டாக்டர். அவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடியுமா? (பாளையங்கோட்டை)

முடியாது. மணிக்கணக்கில் ஒரு இடைவெளிதான் சொல்வார்கள், அதுவும் யோசித்துத்தான் சொல்வார்கள். உடல் குளிர்வதை வைத்துக் கணக்குப் போடலாம் என்பது குளிர்ப் பிரதேசத்துக்குச் சரி. சித்திரை வெயிலில் 38 டிகிரி அடிக்கும்போது, 37 டிகிரி உடல் எங்கே குளிர? விறைப்பும் அப்படித்தான். கண் இமை, தாடையில் தொடங்கிக் கீழே இறங்கும். சூட்டில் சீக்கிரம் வந்து சீக்கிரம் விட்டுவிடும்.

அந்தத் தொடரில் நள்ளிரவிலேயே ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில் போஸ்ட்மார்ட்டமும் முடிந்துவிடுகிறது. இருட்டிய பிறகும் பிரேதப் பரிசோதனை செய்யலாம் என்று 2021 நவம்பரில் மத்திய அரசு அனுமதித்தது உண்மை. ஆனால் கொலை, தற்கொலை, சந்தேக மரணத்துக்கெல்லாம் விலக்கு வைத்தார்கள். சட்டம் ஒழுங்குப் பிரச்சினை இருந்தால் மட்டும் அவற்றையும் இரவில் செய்யலாம்.

ஸ்டேஷனில் குற்றவாளி ஒப்புக்கொண்டதும் வழக்கு முடிந்துவிடுகிறதே? (முக்கூடல்)

போலீசிடம் கொடுத்த ஒப்புதல் கோர்ட்டில் செல்லாது. பழைய சாட்சியச் சட்டத்தில் 25-வது பிரிவு, இப்போது பாரதிய சாட்சிய அதினியத்தில் 23. அவன் சொன்னதை வைத்துப் புதரிலிருந்து அரிவாளை எடுத்தால், அந்தப் பொருளைக் காட்டிக்கொடுத்த பகுதி மட்டும் செல்லும். அதற்காகத்தான் வி.ஏ.ஓ.வையும் தலையாரியையும் கூட்டிக்கொண்டு போய், பொருளைக் கைப்பற்றியதை எழுதும் மகஜரில் சாட்சிக் கையெழுத்து வாங்குகிறோம். ஒரு கொலை வழக்கு நிற்பதும் விழுவதும் பெரும்பாலும் அந்தக் காகிதத்தில்தான். தொடரிலோ இன்ஸ்பெக்டர் ஒற்றை ஆளாக அரிவாளை வெறுங்கையால் தூக்குகிறார்.

"302-ல உள்ள தள்ளுவேன்" என்று இன்னும் வசனம் வருகிறது. சரியா? (வள்ளியூர்)

கொலை எப்போது நடந்தது என்று பாருங்கள். 2024 ஜூலை 1-க்கு முன்னால் என்றால் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் கொலைப் பிரிவான 302 சரி. அதற்குப் பிறகு என்றால் புதிய சட்டமான பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா) 103.

களக்காட்டுக் கொலைக்குக் கமிஷனர் வருகிறார், அப்பீல் சென்னையில் நடக்கிறது. (களக்காடு)

கமிஷனர் மாநகர எல்லைக்கு மட்டும்தான். களக்காடு எஸ்.பி.யின் கீழ் வரும். நம்ம மாவட்ட அப்பீல் 2004 முதல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குத்தான் போகிறது. குற்றாலத்தில் நடந்த கொலையைத் திருநெல்வேலி எஸ்.பி. விசாரிப்பதும் 2019 நவம்பரோடு போயிற்று, அது தென்காசி மாவட்டம்.

காட்சிக்குக் காட்சி மாறும் தப்புகளில் உங்கள் கண்ணில் பட்டது? (சேரன்மகாதேவி)

வயல்தான். "சித்திரை மாதம் நடந்த கொலை" என்பார்கள், பின்னால் நெல் கதிர் வாங்கி நிற்கும். பிசானப் பருவ நெல்லை அறுத்து, அடுத்த கார் பருவ நடவுக்குத் தண்ணீர் வராத நேரம் அது, வயல் தரிசாகக் கிடக்க வேண்டும். அடுத்த ஷாட்டில் அதே வயலில் நாற்று. வேறு வேறு மாதங்களில் எடுத்து ஒட்டுகிறார்கள் என்பது புரிகிறது. ஆனால் அந்த வயலில் கிடைத்த கால்தடம்தான் கதையின் முக்கியத் தடயம். காய்ந்த கட்டியில் விழும் தடமும் சேற்றில் விழும் தடமும் ஒன்றாகுமா?

அப்புறம், 1985-ல் நடக்கும் பிளாஷ்பேக்கில் டி.என். 72 நம்பர் பிளேட். அந்த வரிசையே அதற்குப் பிறகு வந்தது.

மயக்க மருந்து நனைத்த கைக்குட்டையை மூக்கில் வைத்ததும் ஆள் சாய்கிறாரே? (மேலப்பாளையம்)

குளோரோபார்ம் வேலை செய்யச் சில நிமிடங்களாவது தொடர்ந்து மூச்சில் போக வேண்டும். அளவு கொஞ்சம் கூடினால் ஆள் எழுந்திருக்கவே மாட்டார்.