கார் இல்லாமல் இங்கிலாந்தின் கிராமப்புறத்துக்கு ஒரே நாளில் போய் நல்ல படம் எடுக்க முடியுமா?

முடியும். நீங்கள் லண்டனில் பிள்ளைகள் வீட்டுக்கு வந்திருக்கிறீர்கள், அவர்களுக்கு லீவு இல்லை, கையில் ஒரு நல்ல கேமரா இருக்கிறது என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. வின்சர், ஸ்டோன்ஹெஞ்ச், பாத் மூன்றையும் ஒரே நாளில் காட்டும் சுற்றுலாப் பேருந்தில் ஏறாதீர்கள். நான் போயிருக்கிறேன். அன்று எடுத்த படங்களில் பாதி பேருந்துக் கண்ணாடி வழியாக எடுத்தவை. வயதானவர்களோடு போகிறவர்களுக்கு அதுதான் வசதி என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். சரி, ஊர் பார்க்க அது போதும். படம் எடுக்க ஒரே இடத்தில் நாள் முழுக்க இருக்க வேண்டும்.

நான் ஆறு வருடம் ஷெஃபீல்டில் இருந்தேன். லண்டனிலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். அங்கிருந்து இன்னொரு ரயிலில் அரை மணி நேரம் போனால் ஈடேல். சின்ன ஊர், நிலையத்தை விட்டு இறங்கினாலே நாலாபக்கமும் மலை. வயல்களுக்கு நடுவே பாதை போகும், வேலி வந்தால் தாண்ட மரப்படி இருக்கும், மஞ்சள் அம்புக்குறி வழி காட்டும். அடுத்தவர் நிலத்தில் கால் வைக்கிறோமே என்று முதல் தடவை எனக்கு நடுக்கமாகவே இருந்தது. அது பொதுப் பாதை, சட்டப்படி யாரும் நடக்கலாம். நாம் திறந்த கேட்டை நாமே மூடிவிட்டு வந்தால் போதும். எதிரே தெரியும் கிண்டர் ஸ்கௌட் மேட்டில் 1932-இல் நூற்றுக்கணக்கானவர்கள், நிலச் சொந்தக்காரர்களின் தடையை மீறி, நடக்கும் உரிமை கேட்டு ஏறினார்கள், ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். 1951-இல் இந்த மலைப்பகுதி, பீக் டிஸ்ட்ரிக்ட், நாட்டின் முதல் தேசியப் பூங்கா ஆனது. அங்கே நடக்கும்போதெல்லாம் அந்த ஐந்து பேரை நினைத்துக்கொள்வேன்.

நான் சொல்ல வந்த நாள் ஓர் அக்டோபர் கடைசிச் சனிக்கிழமை. அப்போது சூரியன் உதிக்க எட்டு மணி ஆகிவிடும், அதனால் ஷெஃபீல்டிலிருந்து முதல் ரயிலில் போனாலே விடியலைப் பிடிக்கலாம். ஈடேலில் இறங்கினால் ஒரே மூடுபனி, பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. திரும்பிவிடலாமா என்று இரண்டு முறை நின்றேன். ஹாலின்ஸ் கிராஸ் என்ற கணவாய்க்கு ஏறும் பாதை அது. ஈடேலுக்குச் சொந்தமாக ஒரு தேவாலயம் வரும்வரை பிணங்களை அந்த வழியாகத்தான் மறுபக்கம் தூக்கிப் போனார்களாம். கணவாயைத் தொட்டதும் பனி காலுக்குக் கீழே போய்விட்டது. காற்றும் மேகமும் இல்லாத இரவில் குளிர்ந்த காற்று பள்ளத்தாக்கில் இறங்கித் தேங்கும், பனியும் அங்கேயே கிடக்கும், முகடு மட்டும் வெளியே நிற்கும். கல் பாவிய பாதையில் 517 மீட்டர் உயர மாம் டார் குன்றின் உச்சிக்கு நடந்தேன். வலப்பக்கமும் இடப்பக்கமும் வெள்ளைக் கடல். தூரத்தில் அதைத் துளைத்துக்கொண்டு ஹோப் சிமெண்ட் ஆலையின் புகைபோக்கி, அதன் பின்னால் சூரியன். அகல லென்ஸைக் கழற்றிவிட்டு, தூரத்தில் இருப்பதை நெருக்கிக் காட்டும் 70-200 லென்ஸை மாட்டி எடுத்தேன், அப்படித்தான் அடுக்கடுக்கான மலைகள் நெருங்கி வந்தன.

அந்தப் படத்தைப் போட்டால் போதும், "புகைபோக்கியை அழித்திருக்கலாமே" என்று பத்துப் பேர் வருவார்கள். ஏன் அழிக்க வேண்டும்? அந்த ஆலை 1929-இலிருந்து அங்கே இருக்கிறது, பூங்காவைவிடப் பழையது. ஆடு மேய்ப்பவர்களும் ஆலையில் வேலை செய்பவர்களும் வாழும் ஊர் அது, வால்பேப்பர் இல்லை. ஒரு பயண நிறுவனம் என்னைக் கேட்காமலேயே அந்தப் படத்தை எடுத்து, புகைபோக்கியையும் ஓரத்தில் இருந்த என் பெயரையும் சேர்த்து அழித்துவிட்டு விளம்பரம் போட்டது. மூன்று மின்னஞ்சல் அனுப்பினேன், ஒரு வரி பதில் இல்லை. அடுத்தவர் தோட்டத்துப் பூவைப் பறித்தால் திருட்டு, அடுத்தவர் படத்தைக் கேட்காமல் எடுத்துப் போட்டால் மட்டும் திருட்டு இல்லையா? கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அப்புறம், கையுறையும் லென்ஸ் துடைக்கத் துணியும் கட்டாயம். டிசம்பரில் நான்கு மணிக்கே இருட்டிவிடும். மலைக்கு மறுபக்கம் இருக்கும் காசல்டன் ஊர்ப் பக்கம் இறங்கினால் ஹோப் நிலையம் வரை நடந்தே போகலாம், ஆனால் கடைசி ரயில் எப்போது என்று காலையிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.