ஏற்காட்டுச் சாரலில் போன் திரை ஏன் குழம்புகிறது?

ஏற்காட்டுச் சாரல் பட்டால் போன் தானாக எதையோ தட்டுகிறது, அப்பாவின் பழைய நோக்கியா 5800-ல் இந்தத் தொல்லை இல்லையே என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டும் தொடுதிரைதான், ஆனால் வேலை செய்யும் விதம் வேறு. 1994-ல் விற்பனைக்கு வந்த ஐபிஎம் சைமன் என்ற தொடுதிரை போனிலும், 2008-ல் வந்த அந்த நோக்கியாவிலும் இருந்தது அழுத்தத்தை உணரும் திரை. மேல் அடுக்கு வளைந்து கீழ் அடுக்கைத் தொட வேண்டும். நகம், குச்சி, கையுறை எதுவானாலும் சரி. மழைத்துளிக்கு அந்த அழுத்தம் கிடையாது.

2007-ல் ஐபோன் வந்த பிறகு கண்ணாடித் திரை பரவியது. விரல் மின்சாரத்தைக் கடத்துவதால் திரையின் மின்புலம் அந்த இடத்தில் மாறும். அதைத்தான் போன் தொடுகையாக எடுத்துக்கொள்கிறது. திரையில் படியும் நீரும் அப்படியே மாற்றுவதால் குழப்பம். ஆனாலும் இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கும் சுகம் இதில்தான் நமக்கு வந்தது. என்னைக் கேட்டால், ஸ்மார்ட்போன் வரலாற்றிலேயே பெரிய திருப்பம் இதுதான். சாரலில் நனைந்தால் துடைத்துவிட்டு, விரலையும் உலர்த்திக்கொண்டு தொடுங்கள்.