ஆறு பேர் உள்ள மென்பொருள் குழுவுக்கு ஜிரா (வேலைப் பட்டியல்), ஸ்லாக் (குழு அரட்டை), ஜென்கின்ஸ் (டெஸ்ட், ரிலீஸைத் தானாகச் செய்யும் கருவி) எல்லாம் தேவையா? எதில் தொடங்குவது?

கோடு கிட்ஹப் என்ற இணையக் கிடங்கில் இருக்கிறது, பேச்சு வாட்ஸ்அப் குரூப்பில் நடக்கிறது, புதுக் கோட்டை சர்வரில் ஏற்றும் ரிலீஸை ஒருவர் கையால் செய்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கடைசி விஷயத்தில் தொடங்குங்கள். மற்றதெல்லாம் காத்திருக்கும்.

சில வருஷம் முன்பு நான் இருந்த குழுவிலும் ஆறேழு பேர்தான். ரிலீஸ் என்றால் எங்கள் சீனியர் உட்கார்ந்தால்தான் நடக்கும். அவரிடம் ஒரு எக்செல் ஷீட் இருந்தது, அதில் 19 படிகள். சர்வீஸை நிறுத்து, பழைய ஃபோல்டரின் பெயரை மாற்று, புது ஃபைலை ஏற்று என்று போகும். 14-ஆவது படிக்கு எதிரே ‘கேட்டுக்கொள்ளவும்’ என்று மட்டும் இருக்கும். யாரிடம்? அவரிடம்தான். அவர் தங்கை கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருந்த வாரம் ஒரு அவசர ரிலீஸ் வந்தது, என் தலையில் விழுந்தது. இரண்டு சர்வர்களில் ஒன்றில் கான்ஃபிக் ஃபைலை (அமைப்பு விவரங்கள் உள்ளது) மாற்றினேன், இன்னொன்றில் மறந்துவிட்டேன். வருபவர்களை இரண்டு சர்வருக்கும் பிரித்துவிடும் லோட் பேலன்சர் மாற்றி மாற்றி அனுப்பியதில், வாடிக்கையாளருக்கு ஒருமுறை பக்கம் வரும், ரிஃப்ரெஷ் செய்தால் எரர் வரும். நான் திறந்து பார்க்கும்போதெல்லாம் ஒழுங்காக வந்து தொலைத்தது. ஒரு மணி நேரம் முட்டிப் பார்த்துவிட்டுப் போன் போட்டேன். பின்னால் நாதஸ்வரச் சத்தம். “தம்பி, 14 பண்ணீங்களா?” என்றார்.

எங்களுக்குப் போனது ஒரு சாயங்காலம். இதே தவறு பெரிய இடத்தில் நடந்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் நைட் கேப்பிடல் கதை இருக்கிறது. பங்குச்சந்தை வர்த்தக நிறுவனம். 2012 ஆகஸ்ட் 1 அன்று புது மென்பொருளோடு சந்தைக்கு வந்தார்கள். எட்டு சர்வர்களில் ஏழில் புதுக் கோடு ஏறியிருந்தது, ஒன்றில் விட்டுப்போயிருந்தது. கையால் ஏற்றியவரை இன்னொருவர் சரிபார்க்க வேண்டும் என்ற நடைமுறையே அங்கே இல்லை. விட்டுப்போன சர்வரில் வருஷக்கணக்கில் தூங்கிக்கொண்டிருந்த பழைய கோடு விழித்துக்கொண்டு, 45 நிமிடம் கண்டபடி வாங்கி விற்றது. நஷ்டம் 46 கோடி டாலருக்கு மேல். பதற்றத்தில், சரியாக இருந்த ஏழு சர்வர்களிலிருந்தும் புதுக் கோட்டை எடுத்துவிட்டார்கள், நிலைமை இன்னும் மோசமானது. எனக்கு அதைவிட உறுத்தியது வேறு: சந்தை திறக்கும் முன்பே அவர்களுடைய சிஸ்டம் பிழையைச் சொல்லி 97 மெயில் அனுப்பியிருந்தது. யாரும் கண்டுகொள்ளவில்லை. இந்த 97-க்கு ஸ்லாக் பற்றிச் சொல்லும்போது வருகிறேன்.

கிட்ஹப்பில்தான் இருக்கிறீர்கள் என்பதால் கிட்ஹப் ஆக்‌ஷன்ஸே போதும். சொன்ன வேலைகளைத் தானாக ஓட்டும் வசதி அது. ரெப்போவுக்குள், அதாவது உங்கள் கோடு இருக்கும் இடத்துக்குள், அந்த வேலைகளை எழுதிய ஒரு யாமல் ஃபைல், அவ்வளவுதான். முதல் வாரம் டெஸ்ட் மட்டும் ஓடட்டும். அப்புறம் சர்வரில் ஏற்றும் (டிப்ளாய்மென்ட்) படிகளை ஒவ்வொன்றாக அதற்குள் கொண்டுவாருங்கள். எங்கள் 14-ஆவது படி கடைசியில் நாலே வரியாக முடிந்தது. பிரைவேட் ரெப்போவுக்கு இலவசத் திட்டத்தில் இந்த வேலைகள் ஓட மாதம் 2,000 நிமிடம் கிடைக்கும், ஆறு பேருக்குப் பெரும்பாலும் தாங்கும். ஆனால் மெயின் பிராஞ்சில், அதாவது கோட்டின் முக்கியப் பிரதியில், யாரும் நேரடியாகப் புஷ் செய்ய (மாற்றத்தை ஏற்ற) முடியாதபடி பூட்டு போடுவது பிரைவேட் ரெப்போவில் கட்டணத் திட்டத்தில்தான் வரும். மேனேஜரிடம் காசு கேட்பதாக இருந்தால் இதற்குக் கேளுங்கள்.

நாங்கள் அடிபட்ட இடம் ஒன்று. ராத்திரி 2 மணிக்கு ஓடட்டும் என்று ஒரு டேட்டாபேஸ் வேலையை கிரானில் (குறித்த நேரத்தில் ஓட்டும் அட்டவணை) போட்டோம். ஆக்‌ஷன்ஸ் வழக்கமாகக் கணக்கு வைப்பது யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில். அந்த 2 மணி நமக்குக் காலை 7.30. வாடிக்கையாளர்கள் கடை திறந்து பில் போட ஆரம்பிக்கும் நேரத்தில் தினமும் சர்வர் திணறியது. காரணம் புரிய மூன்று நாள் ஆனது. அதில் இரண்டு நாள் இன்டர்நெட் கம்பெனிக்காரரோடு சண்டை. நம் ராத்திரி 2 மணி என்றால் யூடிசியில் முந்தின நாள் 20.30 என்று போட வேண்டும்.

ஜென்கின்ஸ் கெட்டிக்காரக் கருவிதான். கோசுகே கவாகுச்சி சன் நிறுவனத்தில் இருந்தபோது ஹட்சன் என்ற பெயரில் தொடங்கினார், பிறகு சன்னை வாங்கிய ஆரக்கிளோடு வந்த தகராறில் 2011-இல் பெயர் மாறியது. இன்றைக்கும் பல கம்பெனிகளின் அடுப்பு அதில்தான் எரிகிறது. ஆனால் அதற்குத் தனி சர்வர் வேண்டும், பிளகின்களை (கூடுதல் வசதிக்கான துண்டு மென்பொருள்கள்) விடாமல் அப்டேட் செய்ய வேண்டும். ஆறு பேரில் ஒருவர் ஜென்கின்ஸுக்குக் காவல்காரராகிவிடுவார். கோடு வெளியே போகவே கூடாது என்ற கட்டாயம் இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

ஸ்லாக்குக்கு மாறலாம், தப்பில்லை. இலவசத் திட்டத்தில் 90 நாளுக்கு முந்தைய பேச்சு கண்ணுக்குத் தெரியாது என்பதால் முடிவுகளை அங்கேயே விட்டுவிடாதீர்கள். முக்கியமானதை, கோட்டு மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லிக் கிட்ஹப்பில் போடும் புல் ரெக்வெஸ்டிலேயே இரண்டு வரி எழுதிவிடுங்கள். ஸ்லாக்கில் நாங்கள் செய்த முட்டாள்தனம், எல்லா பில்டுக்கும் (கோட்டைத் தொகுத்து டெஸ்ட் ஓட்டும் ஒவ்வொரு முறைக்கும்) பாட் என்ற தானியங்கி ஒரு செய்தி போட வைத்தது. பச்சை டிக், பச்சை டிக், பச்சை டிக். இரண்டே வாரத்தில் ஆறு பேரும் அந்த சேனலை மியூட் செய்திருந்தோம், ஒருவருக்கொருவர் சொல்லாமல். ஒருநாள் சிவப்பு வந்தது, பில்டு உடைந்திருந்தது. மறுநாள் மதியம்தான் பார்த்தோம். அந்த 97 மெயிலைப் பற்றிப் பிற்பாடு படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. இப்போது வெற்றிக்குச் செய்தி கிடையாது. உடைந்தால் மட்டும் வரும், அதுவும் கடைசியாகக் கோட்டைச் சேர்த்தவர் (மெர்ஜ் செய்தவர்) பெயரை டேக் செய்து.

ஜிராவா? கிட்ஹப்பிலேயே இருக்கும் இஷ்யூஸ் என்ற வேலைப் பட்டியலில் மூன்று லேபிள் வைத்து ஓட்டுங்கள். “எந்த வேலை எங்கே நிற்கிறது” என்று வாடிக்கையாளர் வாரத்துக்கு இரண்டு முறை கேட்க ஆரம்பித்தால் அப்போது பார்த்துக்கொள்ளலாம். அதற்கு முன் உங்கள் ரிலீஸ்காரர் லீவில் போகும் தேதியைக் கேட்டு வையுங்கள்.