மெசினைக் குறை சொல்ல முதல் ரியூப்பைப் பாருங்கோ

வீட்டில் ஒட்சிசன் மெசின் வைத்திருக்கும் வன்னிக் குடும்பங்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, நீண்டகாலம் வார்டுகளில் வேலை செய்து ஓய்வுபெற்று இப்போது கிளிநொச்சியில் இருக்கும் தாதி மிஸ் ஒருவர் பதில் சொல்கிறார்.

பரந்தன்: அம்மாவுக்கு நிமிடத்துக்கு 2 லீற்றர் ஒட்சிசன் குடுக்கச் சொல்லியிருக்கினம். மெசின் ஓடுது, ஆனால் மூக்கில் காத்து வரேல்லை எண்டு சொல்லுறா. மெசின் பழுதோ மிஸ்?

மெசினை ஓட்டோவில் ஏத்த முதல் ஒரு கிளாஸ் தண்ணி எடுங்கோ தம்பி. மூக்கில் வைக்கிற இரண்டு நுனியையும் அதுக்குள்ளை பிடியுங்கோ. குமிழி வந்தால் ஒட்சிசன் வருது. 2 லீற்றர் பெரிய காத்தில்லை, பழகினவைக்கு மூக்கில் தெரியாது. நுனியை உதறித் துடைச்சுப்போட்டுத் திரும்பப் போடுங்கோ.

குமிழி வராட்டி, மெசினில் எத்தினை லீற்றர் போகுதெண்டு காட்டுற குழாய்க்குள்ளை இருக்கிற சின்னக் குண்டைப் பாருங்கோ. குண்டு கீழை விழுந்திருந்தால் ரியூப் எங்கயோ மடிஞ்சிருக்கு, இல்லாட்டி கட்டில் கால் ஏறி நிக்குது. ஒட்சிசனை ஈரமாக்க மெசினில் பூட்டுற தண்ணிப் போத்தல் சிலது அந்த நேரம் விசிலடிக்கும். குண்டு 2இலேயே நிக்குது, போத்தலுக்குள்ளை குமிழியைக் காணேல்லை எண்டால் அனேகமா போத்தல் மூடி கோணலாப் பூட்டுப்பட்டிருக்கும். கழட்டி நேராப் பூட்டுங்கோ. போத்தலில் குமிழி இருக்கு, கிளாசில் இல்லை எண்டால் இடையில் பொருத்துக் கழண்டிருக்கு, அல்லது எலி கடிச்சிருக்கு. எங்கடை பக்கத்தில் இரண்டாவதைத்தான் முதலில் சந்தேகப்படவேணும். கடிச்ச ரியூப்பை பிளாஸ்ரர் சுத்தி ஓட்டாதேங்கோ, மாத்துங்கோ.

ஆனால் அம்மாவுக்கு உதடு நீலமாகுது, மூச்செடுக்கக் கஷ்டப்படுறா, குழம்பிக் கதைக்கிறா எண்டால் இந்தச் சோதனை ஒண்டும் வேண்டாம். சிலிண்டர் இருந்தால் அதுக்கு மாத்திப்போட்டு உடனை அம்புலன்சுக்கு, 1990க்கு அடியுங்கோ.

புதுக்குடியிருப்பு: ஐயாவுக்கு விறாந்தை வரை வர ஆசை. ரியூப்பை எவ்வளவு நீட்டலாம்?

பொதுவா 15 மீற்றர், அதாவது 50 அடிக்கு மேலை வேண்டாம். மெசினோடை வந்த புத்தகத்தில் குறைவாப் போட்டிருந்தால் அதுதான் கணக்கு. தோட்டத்து ஹோசை நீட்ட நீட்டத் தண்ணி இளைக்கிற மாதிரித்தான் இதுவும். துண்டு துண்டாப் பொருத்தாமல் ஒரே நீட்டு ரியூப் வாங்குங்கோ, ஒவ்வொரு பொருத்தும் கசியிற இடம். வாங்கேக்கை வெட்டு வாயைப் பாருங்கோ. நல்ல ரியூப்பின் உள் ஓட்டை வட்டமா இராது, நட்சத்திரம் மாதிரி இருக்கும். மிதிபட்டாலும் அந்த மூலைகளாலை ஒட்சிசன் போகும். பாய்க்குக் கீழாலை விடாதேங்கோ, சுவரோரமா விடுங்கோ. ஐயா நடக்கேக்கை மிச்சத்தைச் சுருட்டிக் கையில் பிடிச்சுக்கொண்டு நடக்கட்டும். தடக்கி விழுந்து இடுப்பு உடைஞ்சால் அது வேறை கதை.

மாங்குளம்: மழை தொடங்கினதில் இருந்து ரியூப்புக்குள்ளை தண்ணி நிக்குது. மூக்குக்குள்ளையும் தெறிக்குது.

ஈரமான ஒட்சிசன் குளிர்ந்த சீமெந்துத் தரையில் கிடக்கிற ரியூப்பாலை போகேக்கை வேர்க்கிறதுதான். போத்தலில் மேல் கோட்டுக்கு மேலை தண்ணி இருந்தாலும் இப்பிடித் தெறிக்கும், முதல் அதைப் பாருங்கோ. காய வைக்க, ஆளுக்கு வேறை ரியூப்போ சிலிண்டரோ குடுத்துப்போட்டு, போத்தலைக் கழட்டி ஈர ரியூப்பை நேரா மெசினில் பூட்டி அரை மணித்தியாலம் ஓட விடுங்கோ. வாயால் ஊதாதேங்கோ. திரும்பத் திரும்ப வந்தால், தண்ணி பிடிக்கிற சின்னக் குடுவை இருக்கு. ரியூப்பின் நடுவில் பூட்டி, எல்லாத்திலும் தாழ்வான இடத்தில் வைக்கவேணும்.

ஒட்டுசுட்டான்: போத்தலுக்குக் கிணத்துத் தண்ணி விடலாமோ? பற்றரித் தண்ணி விடச் சொல்லி ஒராள் சொன்னார்.

பற்றரித் தண்ணி வேண்டவே வேண்டாம். அது மூச்சுக்கெண்டு செய்ததில்லை, அசிட் இருந்த போத்தலில் அடைச்சு விக்கிறவையும் இருக்கினம். எங்கடை கிணத்துத் தண்ணியில் கேத்தலுக்குள்ளை வெள்ளையாப் படியிறது போத்தலிலும் படியும். பாமசியில் வடித்த நீர் கேளுங்கோ. கிடைக்காத நாளில் கொதிக்க வைச்சு ஆறின தண்ணி. நேற்றைய தண்ணிக்கு மேலை இண்டைக்கு நிரப்பாமல், ஊத்திப்போட்டுப் புதுசு விடுங்கோ. 1, 2 லீற்றர்காரர் நிறையப் பேருக்குப் போத்தலே தேவையில்லை. கிளினிக்கில் கேட்டுப் பாருங்கோ, தேவையில்லை எண்டால் வேலை மிச்சம்.

விசுவமடு: எதை எப்ப கழுவிறது, எப்ப மாத்திறது?

மூக்கு ரியூப்பின் நுனியைத் தினமும் துடையுங்கோ. கிழமைக்கு ஒருக்கா இளஞ்சூட்டுத் தண்ணியில் சவர்க்காரம் போட்டுக் கழுவி, நல்லா அலசி, நிழலில் தொங்கவிட்டு முழுசாக் காய வைக்கவேணும். இரண்டு கிழமையில், கூடினால் ஒரு மாதத்தில் மாத்துங்கோ. தடிமன் வந்து மாறினால் உடனை மாத்துங்கோ. விறைச்சு மஞ்சளாகின ரியூப்பை வருசக்கணக்கா வைச்சிருக்கிறது சிக்கனமில்லை. நீட்டு ரியூப்பை உள்ளுக்குக் கழுவாதேங்கோ, காயாது. வெளியாலை துடைச்சு, மூன்று மாதத்துக்கு ஒருக்கா மாத்தினால் போதும். மெசின் பில்டரையும் கிழமைக்கு ஒருக்கா கழுவுங்கோ. செம்மண் ரோட்டோர வீடெண்டால் அதிலும் சுறுக்கா.

முள்ளியவளை: சாமி விளக்கு ஏத்தலாமோ? அம்மம்மா அடுப்படிக்குப் போகாமல் இருக்கிறாவும் இல்லை. மாமா சுருட்டுப் பத்துவார்.

ஒட்சிசன் தான் எரியாது, ஆனால் எரியிறதைப் பெருசா எரிய வைக்கும். அவவின்ரை சேலை, தலைமயிர், தலாணி எல்லாத்திலும் அது ஊறி நிக்குது. விறகடுப்பில் இருந்து ஒரு பொறி போதும், ரியூப் வழியே தீ முகத்துக்கு வரும். விளக்கு, கற்பூரம், சாம்பிராணி, நுளம்புத்திரி எல்லாம் ஆளிலையும் மெசினிலையும் இருந்து 3 மீற்றராவது தள்ளி. வேறை அறை எண்டால் இன்னும் நல்லது. நுளம்புக்கு வலை கட்டுங்கோ, புகை அவவின்ரை நெஞ்சுக்கும் கூடாது. சமையலை வேறை ஆக்கள் பாக்கட்டும். ரியூப்பைக் கழட்டினாலும் அரை மணித்தியாலம் நெருப்புப் பக்கம் போகக்கூடாது. கழட்டி வைக்கிற நேரம் மெசினை நிப்பாட்டுங்கோ, ஓட விட்டபடி படுக்கையில் போட்டால் மெத்தைதான் ஒட்சிசனைக் குடிக்கும். மாமா சுருட்டை வாசலுக்கு வெளியில் வைச்சுக்கொள்ளட்டும். இதில் மரியாதை பாக்காதேங்கோ.

மல்லாவி: காதுக்குப் பின்னாலை புண், மூக்கு காயுது. தேங்காயெண்ணெய் பூசலாமோ?

எண்ணெய், வசிலின், பாம் ஒண்டும் மூக்குக்குப் பூசாதேங்கோ, ஒட்சிசனோடை கெதியா நெருப்புப் பிடிக்கிற சாமான். தண்ணியில் செய்த ஜெல் பாமசியில் இருக்கு. காதில் ரியூப் படுற இடத்தில் கோஸ் சுத்துங்கோ, நாடிக்குக் கீழை இருக்கிற வளையத்தைக் கொஞ்சம் தளர்த்துங்கோ. நுனி உள்பக்கமா வளைஞ்சு நிக்குதோ எண்டும் பாருங்கோ, தலைகீழாப் போட்டிருக்கிறவை அனேகம்.

நெடுங்கேணி: கரண்ட் போனால் என்ன செய்யிறது? இரவில் இளைச்சால் 2ஐ 4 ஆக்கலாமோ?

கூட்டாதேங்கோ. நாள்பட்ட நெஞ்சு நோய்காரர் சிலருக்கு ஒட்சிசன் கூடினால் உடம்பில் கரியமிலவாயு ஏறும். காலையில் தலையிடி, எழுப்பினாலும் எழும்பாத நித்திரை. அப்பிடியானவைக்கு இரத்தத்தில் ஒட்சிசன் அளவை 88 முதல் 92 வீதம் வரைதான் டொக்டர் வைக்கச் சொல்லுவார். விரலில் மாட்டிப் பாக்கிற மீற்றர் 90 காட்டுதெண்டு பயந்து மெசினைத் திருகக்கூடாது. இரவில் இளைப்புக் கூடுதெண்டால் கிளினிக் திகதி வரும் வரை பாத்துக்கொண்டு இருக்காமல் காட்டுங்கோ.

கரண்டுக்கு சிலிண்டர்தான். 1500 லீற்றர் இருக்கிற சிலிண்டர் 2 லீற்றர் வீதம் 750 நிமிடம், பன்னிரண்டரை மணித்தியாலம் வரும். கடைசிச் சொட்டு வரை நம்பாமல் பாதியிலேயே அடுத்ததுக்கு ஏற்பாடு செய்யுங்கோ. நிமித்திக் கட்டி வையுங்கோ, எண்ணெய்க் கையோடை திருகாதேங்கோ. சிலிண்டருக்கெண்டு ஒரு மூக்கு ரியூப்பை அதிலேயே தொங்க விட்டிருந்தால் இருட்டில் தேடத் தேவையில்லை.