பதில்: 1987இல் வெடித்த விண்மீன் ஏன் நீலமாக இருந்தது?

வணக்கம் தங்கை. பெரிய விண்மீன்கள் சிவப்பாக வீங்கிய பிறகே வெடிக்கும் என்று உயர்தரக் குறிப்பில் இருக்கிறது, ஆனால் 1987இல் வெடித்தது நீல விண்மீன் என்கிறார்கள், எது பிழை என்று கேட்டிருந்தீர்கள். இரண்டுமே சரி. குறிப்பு சொல்வது பெரும்பான்மை வழக்கம். 1987இல் வெடித்தது விதிவிலக்கு.

அது நம் பால்வீதியில் இல்லை. ஏறத்தாழ 1,60,000 ஒளியாண்டுக்கு அப்பால், பெரிய மெகல்லன் முகில் என்ற அயல் விண்மீன் மண்டலத்தில் இருந்தது. சூரியனைப் போல் 20 மடங்கு அளவு நிறை. அங்கே ஹீலியத்தைவிடக் கனமான தனிமங்களின் விகிதம் சூரியனில் உள்ளதில் பாதியளவுதான். அவை குறைந்தால் விண்மீனின் வெளியுறை வீங்குவதும் குறையலாம். ஆனால் எனக்கு வலுவாகப் படுவது வேறு காரணம்: அது முன்பு சிவப்பாகத்தான் இருந்தது, பிறகு துணை விண்மீன் ஒன்றை விழுங்கி நீலமாகச் சுருங்கியது. வெடிப்பைச் சுற்றி ஹபிள் விண்வெளித் தொலைநோக்கி படமெடுத்த மூன்று வளையங்களைப் பாருங்கள். வெடிப்புக்குச் சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்பே வீசப்பட்ட வாயு அது. தனி விண்மீன் அப்படி வளையம் வளையமாக வீசுவதை விளக்குவது கடினம்.

கிளிநொச்சியில் இருக்கிறீர்கள் என்பதால் இதையும் சொல்கிறேன். மாரி ஓய்ந்த தைக் கடைசியில், நிலவில்லாத இரவு எட்டு மணியளவில், இரணைமடுக் குளக்கட்டில் நின்று தண்ணீர்ப் பக்கம் தெற்கே பாருங்கள். பளிச்சென்று தெரியும் அகத்திய விண்மீனுக்குக் (Canopus) கீழே, சற்று வலப்புறம், அடிவானிலிருந்து, கையை நீட்டிப் பிடித்தால் ஒரு கைமுட்டி உயரத்துக்குச் சற்று மேலே மங்கிய வெண்புகை போலத் தெரிவதுதான் அந்த முகில். துணைக்கு வீட்டில் ஒருவரைக் கூட்டிச் செல்லுங்கள்.