கல் மாளிகைக்கு அசல் வடிவம் எது?

"இங்கிலாந்தின் பழைய கல் மாளிகைகளை ஒவ்வொரு தலைமுறையும் மாற்றிக் கட்டியிருக்கிறதே, அசல் அழகு கெட்டுப்போகவில்லையா?" என்பது கேள்வி.

கெடவில்லை என்றே சொல்வேன். எனக்கு மிகவும் பிடித்த வில்ட்ஷயரின் லேக்காக் அபியையே எடுத்துக்கொள்ளுங்கள். கணவரை இழந்த சால்ஸ்பரி சீமாட்டி ஈலா 1232-இல் நிறுவிய கன்னியர் மடம் அது. பின்னாளில் அவரே துறவு பூண்டு அதன் தலைவியும் ஆனார். எட்டாம் ஹென்றி நாடெங்கும் மடங்களைக் கலைத்தபோது, 1539-இல் இதையும் மூடினார்கள். வாங்கியவர் வில்லியம் ஷாரிங்டன்.

அப்போது மடங்களை வாங்கிய பலர் அவற்றை இடித்துக் கல்லை விற்றுக் காசாக்கினார்கள். ஷாரிங்டன் தேவாலயத்தை இடித்தார். ஆனால் நடுமுற்றத்தையும் அதைச் சுற்றிய வளைவுத் தாழ்வாரங்களையும் கீழே அப்படியே விட்டுவிட்டு, மாடியைத் தன் குடும்பத்துக்கு வீடாக்கிக்கொண்டார். இன்றும் கீழே மடம், மேலே மாளிகை. தேவாலயத்தின் வடக்குச் சுவரையும் அவர் இடிக்கவில்லை. அதுதான் இப்போது வீட்டின் தெற்குச் சுவர். ஒரு காலத்தில் வழிபாட்டைப் பார்த்திருந்த அதன் உட்பக்கம் இன்று வெயிலும் மழையும் படும் வெளிப்பக்கம். அதன் கிழக்கு மூலையில் எண்கோணக் கோபுரம் ஒன்றையும் எழுப்பினார். மறுமலர்ச்சிக் காலப் பாணியில் செதுக்கிய கல்மேசை அதற்குள் இருக்கிறது.

1750-களில் அப்போதைய உரிமையாளர் ஜான் ஐவரி டால்பட், கட்டடக் கலைஞர் சாண்டர்சன் மில்லரைக் கொண்டு, கூர்வளைவுகள் கொண்ட இடைக்கால கோத்திக் பாணியில் ஒரு கூடம் கட்டினார். உண்மையான இடைக்காலக் கட்டடம் பக்கத்திலேயே இருக்க, இது வெறும் போலி என்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. 18-ஆம் நூற்றாண்டுக்காரர்கள் இடைக்காலத்தை எப்படிக் கற்பனை செய்தார்கள் என்பதை இதைவிடத் தெளிவாக எங்கே பார்ப்பது?

அடுத்த மாற்றம்தான் என் பதிலுக்கு அடிப்படை. பின்னாளில் வீட்டுக்கு உரிமையாளரான, புகைப்படக் கலையின் முன்னோடி ஹென்றி ஃபாக்ஸ் டால்பட் 1830-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அந்தத் தெற்குச் சுவரில் வெளியே பிதுங்கி நிற்கும் சன்னல்களை வைத்தார். 1835 ஆகஸ்டில், நடுவில் இருக்கும் சிறிய சன்னலை வீட்டுக்குள்ளிருந்து படமெடுத்தார். உலகில் இன்று எஞ்சியிருக்கும் மிகப் பழைய புகைப்பட நெகட்டிவ் (ஒளியும் நிழலும் தலைகீழாகப் பதிந்த மூலப்படம்) அதுதான். அஞ்சல் தலையைவிடச் சற்றே பெரிய காகிதத் துண்டு. படம் புதிதாக இருந்தபோது, சன்னலின் சுமார் 200 கண்ணாடிச் சதுரங்களையும் உருப்பெருக்கியின் உதவியோடு எண்ண முடிந்தது என்று அதன் அருகில் அவரே எழுதிவைத்திருக்கிறார்.

"அசல்" வடிவத்தை மீட்கிறேன் என்று யாராவது 13-ஆம் நூற்றாண்டுக்குத் திரும்பியிருந்தால், முதலில் அடைபட்டிருப்பது இந்தச் சன்னல்தான். கோபுரமும் போயிருக்கும், கூடமும் போயிருக்கும். இடித்த தேவாலயம் மட்டும் திரும்பி வந்திருக்காது. 1944-இல் மட்டில்டா டால்பட் இந்த வீட்டை, பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் அமைப்பான நேஷனல் டிரஸ்டிடம் ஒப்படைத்தார். பார்க்கப் போகிறவர்கள் வாசலுக்கு விரையாமல், முதலில் தெற்குப் பக்கம் சுற்றி வந்து அந்தச் சுவரைப் பாருங்கள்.