லினக்ஸ் படிக்க ஃபீஸ் கட்டுவதற்கு முன்

வணக்கம் அம்மா. பொண்ணுக்கு லினக்ஸ் (விண்டோஸ் மாதிரி கணினியை இயக்கும் மென்பொருள்) கற்றுத்தர ஒரு பயிற்சி மையம் கேட்கிற ஃபீஸைக் கட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். நேராகவே பதில் சொல்லிவிடுகிறேன், அந்தத் தொகையை இப்போது கட்ட வேண்டாம். பொண்ணு பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டில்தானே இருக்கிறாள், லினக்ஸில் கை பழக இன்னும் தாராளமாக நேரம் இருக்கிறது. லினக்ஸ் தெரிந்தவர்களுக்கு வேலை இருக்கிறது என்று பயிற்சி மையத்தில் சொன்னது உண்மைதான். ஆனால் "நூறு சதவீதம் வேலை உறுதி" என்று யார் சொன்னாலும், அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள், அங்கேயே தெரிந்துவிடும்.

மவுஸ் இருக்கும்போது, கமாண்டை (எழுத்தில் தரும் கட்டளையை) அடிக்கும் இந்தக் கறுப்புத் திரை எதற்கு என்று கேட்டிருந்தீர்கள். நாம் பயன்படுத்தும் வலைத்தளங்களும் ஆப்களும் எங்கோ இருக்கிற சர்வர் என்னும் கணினிகளில் ஓடுகின்றன, அவற்றில் பெரும்பாலானவை லினக்ஸ், வழக்கமாக அங்கே மவுஸோ ஐகானோ இருக்காது. தூரத்துக் கணினிக்குள் போக உதவும் எஸ்எஸ்எச் வழியாக இங்கிருந்தே உள்ளே நுழைந்து கமாண்ட் அடித்துத்தான் வேலை பார்க்க வேண்டும். 1991இல் ஹெல்சின்கியில் ஒரு கல்லூரி மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய லினக்ஸ்தான் இன்று உங்கள் ஆண்ட்ராய்டு போனுக்குள்ளும் இருக்கிறது. அதனால் இது பழைய காலத்துச் சமாச்சாரமோ என்ற கவலை வேண்டாம். சப்போர்ட் இன்ஜினியர், இணையவழி சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் கிளவுட், மென்பொருளை ஓடவிட்டுப் பராமரிக்கும் டெவ்ஆப்ஸ் என்று எந்தப் பக்கம் போனாலும் முதல் நாளே இது தேவைப்படும். லினக்ஸ் மட்டும் தெரிந்தால் வேலை வந்துவிடாது, நெட்வொர்க்கிங்கும் பைத்தான் மாதிரி ஒரு புரோகிராம் மொழியும் கூடவே வேண்டும்.

அண்ணனுக்குப் பள்ளியில் அரசு கொடுத்த மடிக்கணினி சும்மா கிடக்கிறது என்றீர்களே, அதுவே போதும். அந்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் என்ற லினக்ஸ் வகையும் சேர்ந்தே வந்தது, நிறைய வீடுகளில் யாரும் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. அந்த பாஸ் மிகப் பழையதாகியிருக்கும், அதற்குப் பதில் லினக்ஸ் மின்ட் என்ற இன்னொரு வகையின் எக்ஸ்எஃப்சிஇ என்னும் இலகுவான பதிப்பைப் போடலாம். 4 ஜிபி ராம் இருந்தால் நன்றாகவே ஓடும், 2 ஜிபி என்றால் மெதுவாக ஓடும். ஒரு 8 ஜிபி பென் டிரைவ் வாங்கிக் கொடுங்கள். முதலில் இன்ஸ்டால் செய்யாமல் பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கட்டும், வைஃபையும் சவுண்டும் வேலை செய்கிறதா என்று தெரிந்துவிடும். அந்தப் பழைய மடிக்கணினியில் இருக்கிற குடும்பப் போட்டோக்களை வேறு இடத்தில் காப்பி எடுத்து வைத்த பிறகே இன்ஸ்டால் என்ற பேச்சு. அவள் தினமும் பயன்படுத்துகிற மடிக்கணினியில் விண்டோஸை அழிக்கவே வேண்டாம், கல்லூரிக்கு அது தேவைப்படும். விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் என்ற வசதியை மைக்ரோசாஃப்ட்டே இலவசமாகத் தருகிறது.

இனி எழுதுவதைப் பொண்ணிடம் காட்டுங்கள். லேபில் டெர்மினலை, அதாவது அந்தக் கறுப்புத் திரையைப் பார்த்தாலே கை ஓடவில்லை என்கிறாளாம். பாப்பா, இருநூறு கமாண்டுகளை மனப்பாடம் செய்யச் சொல்லும் பிடிஎஃப்பை மூடி வை. எங்கே இருக்கிறோம் என்று காட்டும் பிடபிள்யூடி, என்ன இருக்கிறது என்று காட்டும் எல்எஸ், இடம் மாறும் சிடி, இந்த மூன்றோடு தொடங்கு. பெயரை முழுதாக அடிக்காதே, நாலு எழுத்து அடித்துவிட்டு டேப் கீயைத் தட்டு, மிச்சத்தை அதுவே நிரப்பிவிடும். பாதி எழுத்துப் பிழைகள் அதிலேயே போய்விடும். அப்புறம் உன் சொந்த வேலையையே டெர்மினலில் செய். டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் குவிந்து கிடக்கிற நோட்ஸைப் பாடவாரியாகப் பிரித்து வை, எழுதிய சி புரோகிராம்களில் ஒரு வேரியபிள் எந்தெந்த ஃபைலில் வருகிறது என்று கிரெப் என்ற தேடும் கமாண்டைப் போட்டுப் பார். தேவைக்காக அடித்த கமாண்ட் மறக்காது.

பிழைச் செய்தி வந்ததும் பதறி விண்டோவை மூடுவதுதான் பெரிய தடை, அதை வாசி. "கமாண்ட் நாட் ஃபவுண்ட்" என்றால் பெரும்பாலும் எழுத்துப் பிழை, இல்லையென்றால் அந்த மென்பொருள் இன்ஸ்டால் ஆகவில்லை. "நோ சச் ஃபைல்" என்றால் நீ வேறு ஃபோல்டரில் நிற்கிறாய், அல்லது பெரிய எழுத்து சின்ன எழுத்து மாறிவிட்டது, லினக்ஸுக்கு அவை இரண்டும் வேறு வேறு. "பெர்மிஷன் டினைட்" என்றால் உனக்கு அனுமதி இல்லை, உடனே முன்னால் சூடோ (நிர்வாகியின் அதிகாரத்தோடு ஓட்டும் கமாண்ட்) போட்டுவிடாதே, ஏன் அனுமதி இல்லை என்று முதலில் பார். சூடோவுக்குப் பாஸ்வேர்ட் அடிக்கும்போது பல லினக்ஸ் வகைகளில் திரையில் எதுவுமே தெரியாது, மின்ட் மாதிரி சிலவற்றில் நட்சத்திரக் குறிகள் மட்டும் தெரியலாம், கீபோர்டு கெட்டுவிட்டது என்று நினைக்காதே, அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். ஒரு புரோகிராம் நிற்காமல் ஓடினால் கன்ட்ரோல் கீயோடு சி தட்டு, நின்றுவிடும். ஒன்றில் மட்டும் உண்மையாகவே கவனம் வேண்டும், ஆர்எம் கமாண்டில் அழித்தது ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது, போனால் போனதுதான். இணையத்திலோ ஏஐயிடமோ வாங்கிய கமாண்டை, ஒவ்வொரு துண்டும் என்ன செய்கிறது என்று தெரியாமல் என்டர் தட்டாதே.

தமிழ் மீடியத்தில் படித்தவள், ஆங்கிலம் தடையாகிவிடுமோ என்ற பயமும் உங்களுக்கு இருக்கிறது. ஐஐடி பாம்பேயின் ஸ்போக்கன் டுடோரியல் தளத்தில் லினக்ஸ் பாடங்கள் தமிழ்க் குரலில் இலவசமாக இருக்கின்றன, கணியம் தளத்தில் தமிழிலேயே கட்டுரைகள் கிடைக்கின்றன. கூடவே பிழைச் செய்திகளை ஆங்கிலத்திலேயே படித்துப் பழகட்டும், திரும்பத் திரும்ப வருகிற சொற்கள் கொஞ்சம்தான்.

இன்டர்வியூவில் "சர்வரில் டிஸ்க் நிரம்பிவிட்டது, என்ன செய்வாய்?" என்பது மாதிரிதான் கேட்பார்கள். டிஎஃப் போட்டு எந்தப் பகுதி நிரம்பியது என்று பார்த்து, டியூ போட்டு எந்த ஃபோல்டர் என்று கண்டுபிடித்து, நடப்பதைப் பதிவு செய்யும் லாக் ஃபைல்தான் காரணமா என்று பார்ப்பேன் என்று கோர்வையாகச் சொல்கிற பிள்ளையை அவர்கள் கவனிப்பார்கள். சான்றிதழ் வேண்டுமென்றால் லினக்ஸ் நிறுவனமான ரெட் ஹேட்டின் ஆர்எச்சிஎஸ்ஏ என்ற தேர்வு இருக்கிறது, அது விடையை டிக் அடிக்கிற தேர்வு இல்லை, ஓடுகிற கணினியில் வேலையைச் செய்து காட்ட வேண்டும். அதனால்தான் மதிப்பு, அதனால்தான் இப்போது வேண்டாம் என்கிறேன். இரண்டு செமஸ்டர் தினமும் பயன்படுத்திய பிறகும் அவளுக்கு ஆர்வம் இருந்தால், இறுதியாண்டு தொடக்கத்தில் எனக்கு எழுதுங்கள், அன்றைய கட்டணத்தைப் பார்த்து முடிவு செய்யலாம்.